காயம் பட்ட காரணம்

"முப்பத்தி நாலு பேரும் பாத்ரூம்லதான் வழுக்கி விழுந்தாங்களா சிஸ்டர்?"

இன்ஸ்பெக்டர் விபத்துப் பதிவேட்டின் பக்கத்தை விரலால் தட்டினார். மதியத்திலிருந்து நின்ற கால் மாறாமல் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ், கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

"எல்லாரும் இல்ல சார். ஒம்பதாவது ஆள் மாடிப்படியில உருண்டுட்டார். நல்லாப் படிங்க."

பெண்கள் இரவு வேலைக்குப் போக வேண்டுமானால் அப்பாவோ கணவரோ கூடப் பிறந்தவரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று அரசு புதுச் சட்டம் கொண்டு வந்திருந்தது. அதை எதிர்த்துக் காலையில் கடைவீதியில் ஊர்வலம். பதினொரு மணிக்குத் தடியடி. பன்னிரண்டுக்குள் இந்த அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார இடமில்லை. இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. தலைக்கட்டோடு பெஞ்சில் இருந்த அவள், சீருடையைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஊர்வலத்துல அடிபட்டவங்க பேரை ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு உத்தரவு வந்திருக்குமே?"

"வந்துச்சு. அப்படி யாராவது வந்தா அனுப்புறேன்."

"இதெல்லாம் நிஜப் பேர்தானா?"

"சொன்ன பேரை எழுதினேன். ரத்தம் ஒழுகுறப்ப அடையாள அட்டையா கேட்க முடியும்?"

இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்தப் பதிவேட்டோட நகல் வேற எங்கயாவது போகுதா?"

"இல்ல."

"அந்தக் கேமரா?"

"போன மாசமே கண்ணை மூடிடுச்சு. ரெண்டு தடவை எழுதிப் போட்டாச்சு, சரி பண்ண ஆள் வரல."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அவர் இவ்வளவு நேரமும் தையல் போட்டதுல தலையே நிமிரல. எழுதினது நான்தான். என்னைக் கேளுங்க."

"பொய்யா எழுதினா வேலை போயிடும். உள்ளயும் தள்ளலாம். தெரியுமில்ல?"

நர்ஸுக்கு அது பதினெட்டு வருட வேலை. ஆனாலும் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து மூடி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"உங்க சட்டம் அமலுக்கு வந்தா எப்படியும் பாதி வேலை போயிடும் சார். எனக்கு அப்பா இல்ல, கல்யாணமும் ஆகல. இருக்கறது ஒரு தம்பி. நைட் டியூட்டிக்கு வர நான் அவன்கிட்ட கையெழுத்து வாங்கணுமாம். அவனுக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்."

பெஞ்சில் இருந்தவள் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எங்க மேலதிகாரி வந்து கேட்டா?"

"இதையேதான் சொல்லுவேன்."

"மிரட்டினா?"

"நீங்க இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்களாம்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பேசியபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"பின்வாசல்ல ஜீப் நிக்குது. உள்ள ஒரு பொண்ணு இருக்கா. மணிக்கட்டு உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். நடந்து வந்துடுவா. அவ பேர் மட்டும் இங்கேருந்து வெளிய போகக் கூடாது."

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு சார்? கைது பண்ணி வெச்சிருக்கீங்களா?"

"என் பொண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர். "முகத்துல துணி கட்டியிருந்தா சிஸ்டர். அடிக்கும்போது எனக்கு அடையாளம் தெரியல."