மூன்றாவது மாப்பிள்ளை

குழந்தையின் உதடுகள் கருநீலமாகிவிட்டிருந்தன.

"ஐயோ, புள்ள மூச்சு விடலையே!" சீமாட்டி ஹெல்விஸ் போட்ட கூச்சலில் செவிலி ஒராபிள் கையிலிருந்த துணிமூட்டையைக் கீழே போட்டாள். சற்று முன்புதான் பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை. பிறந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

எப்படி ஆகும்? கோட்டைப் பாதிரியாரைக் கோதியே பிரபு வந்த அன்றே துரத்திவிட்டார். வாசலில் அவர் ஆட்கள், மதில்மேல் அவர் ஆட்கள், கோபுரத்து அறைச் சாவி அவர் இடுப்பில். ஜன்னலைத் திறந்தால் கடல். விடிந்தால் கல்யாணம்.

ஹெல்விஸுக்கு இது மூன்றாவது. பதின்மூன்று வயதில் ஒரு கிழவருக்குக் கொடுத்தார்கள், அவர் காய்ச்சலில் போனார். இரண்டாமவர் சண்டையில் போனார், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே. கோட்டை அவளுடைய தகப்பன் சொத்து. சிலுவைப்போர் வீரர்கள் ஆளும் திரிப்போலிப் பக்கத்தில் கோட்டையைக் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சொத்துள்ளவள் விதவையானால் மூன்று மாப்பிள்ளைகளைக் காட்டி ஒருவரைப் பொறுக்கச் சொல்வது நாட்டு வழக்கம். அரசப் பிரதிநிதியின் தூதரும் நியாயமாகத்தான் காட்டினார். ஒருவருக்கு எண்பது வயது. ஒருவர் எகிப்தில் சிறையில். மூன்றாமவர் கோதியே. அவருடைய காலஞ்சென்ற மனைவிக்கும் முன் புருஷன் வழியில் ஒரு மகன் இருந்தான். கிணற்றில் விழுந்துவிட்டான். ஊர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சத்தமாக.

இரண்டு நாளாக ஹெல்விஸ் சாப்பிடவில்லை. இன்று காலை கொஞ்சம் மல்பெரிப் பழம் மட்டும் கேட்டாள். கொண்டுபோய் வைத்த ஒராபிளிடம் திடீரென்று, "ரொட்டி சுடுற ஜில் உன்னையே சுத்திச் சுத்தி வந்தானே, ஏன்டி கட்டிக்கலே?" என்றாள்.

"அவன் கெட்ட நேரம்மா. கோயில்ல என் பொண்ண ஒரு தடவை கையில வாங்கினான். அதோட கல்யாணப் பேச்சு நின்னுபோச்சு."

மடையன் என்று சிரிப்பாள் என்று பார்த்தால், சீமாட்டி பழத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கூச்சல் கேட்டுக் கோதியே ஓடிவந்தார். கூடவே தூதர். அவர்களுக்குப் பின்னால், கல்யாணத்துக்காகக் கோதியே கூட்டிவந்த பாதிரியார், வாய் நிறையக் கறியோடு.

கோதியே பிள்ளையை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்ததைத் துக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

"தண்ணி ஊத்துங்க சாமி! எம்புள்ள பேரில்லாமப் போயிடக் கூடாது!" ஹெல்விஸ் பாதிரியாரைப் பார்த்துக் கதறினாள்.

ஒராபிள் பிள்ளையை ஏந்தக் கை நீட்டினாள். "நீ போய்த் தண்ணியக் கொண்டா!" என்று அவளைத் தள்ளிவிட்டு ஹெல்விஸ் பிள்ளையைக் கோதியேவிடம் நீட்டினாள். "நாளைக்கு இவனுக்கு அப்பாவாகப் போறவர் நீங்க. நீங்களே ஏந்துங்க."

தண்ணீர் எடுக்கப்போன ஒராபிள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கையிலா? ஆனால் தூதர் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற உயிருக்குப் புண்ணியம் செய்தார் என்ற பெயர், அதுவும் செலவில்லாமல். கோதியே பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

பாதிரியார் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், கறி விடவில்லை. "போறானே, போறானே!" என்று ஹெல்விஸ் அலறிய அலறலில், பாதி மென்று பாதி செபித்து, மூன்று முறை தண்ணீரை ஊற்றினார்.

நெற்றியில் விழுந்த தண்ணீர் உதட்டைத் தொட்டு ஊதா நிறத்தில் வழிந்தது. ஒராபிள் சட்டென்று தன் அங்கி நுனியால் துடைத்தாள். மல்பெரி வாசனை. வாயைத் திறக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

பிள்ளை கோட்டையே அதிர வீரிட்டது.

"பொழச்சிடுச்சா?" கோதியே பிள்ளையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "சரி, நல்லது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் இவனப் பாத்துக்கலாம்."

"கல்யாணமா, பிரபு?" பாதிரியார் ஒருவழியாகக் கறியை விழுங்கினார். "அதத்தான் சொல்ல வந்தேன். இப்ப நீங்க இவனுக்கு ஞானத்தகப்பன். ஏந்தினவரும் பெத்தவளும் கூடப்பிறந்தவங்க மாதிரி. முறை கிடையாது. திருச்சபை ஒத்துக்காது."

தூதர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கோபுரத்துச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

ஹெல்விஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரல் நுனியில் இன்னும் ஊதாக்கறை.

"கல்யாண ஆடு வெந்திருக்கும், சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கண்ணா."