இரண்டாவது டாங்கி

தொண்ணூற்றாறில் மகனுக்கென்று வாங்கிய வீடியோ கேம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. ஓடித் தாவும் ஆட்டத்தில் முதல் பள்ளத்திலேயே விழுந்துவிடுவேன். கார் ரேஸில் வளைவு வருவதற்குள் கண் செருகும். ஓரளவு கைக்கு வந்தது டாங்கி ஆட்டம்தான்.

"நாள் பூரா ஃபேக்டரில டாங்கி, ஊட்டுக்கு வந்தும் டாங்கியா?" என்பாள் என் மனைவி வசந்தா.

ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு நாகேந்திரன்தான் கூட ஆடுவான். எதிரியைத் துரத்தவே மாட்டான். நாங்கள் காக்க வேண்டிய கழுகின் முன்னால் டாங்கியை நிறுத்திக்கொண்டு, "நீ போ மாமே, நான் இங்க கீறேன்" என்பான். ஆடி முடித்ததும், வேலையிடத்தில் கேபிளைச் சுற்றுவதுபோல், தன் ஜாய்ஸ்டிக் ஒயரை எட்டுப் போட்டுச் சுற்றி நுனியைச் செருகி வைப்பான். என்னுடையது தரையில் கிடக்கும்.

போன தை மாதம் மாரடைப்பில் இறந்துபோனான். பழக்கதோஷத்தில் இன்னமும் இருவர் ஆட்டத்தைத்தான் அழுத்துகிறேன். அவனுடைய டாங்கி அசையாமல் நின்று வெடிக்கும்.

நேற்று வசந்தா மகனோடு கள்ளிக்குப்பம் போயிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில், ஆடிக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது என் பங்கு டாங்கிகள் எல்லாம் வெடித்துத் தீர்ந்திருந்தன. கழுகு பத்திரமாக இருந்தது. அதன் முன்னால் அவன் டாங்கி நின்றது.

டிவியை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவன் ஒயர் எட்டுப் போட்டுச் சுற்றியிருந்தது. என்னுடையதும்.