கழற்றிய கோட்டு

பெக்கான் நானாஸில் பிராணிகள் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சிறீகாந்தன், வெள்ளைக் கோட்டு இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட்டதில்லை. அன்று அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் டீ-சட்டையோடு தரையில் உட்கார்ந்தார்.

“என்ன டாக்டர், கோட்டு போடலயா?” என்றார், தன் நாய் கோப்பியை அணைத்தபடி நின்ற வெள்ளையம்மா.

“இன்னிக்கு வேணாங்க்கா. கோப்பிய இறக்கி விடுங்க.”

வழக்கமாக நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளியும் கோப்பி, தட்டுத் தடுமாறி வந்து அவர் மடியில் தலை வைத்தது. வாலும் ஆடியது.

“அலமாக்! பதினோரு வருசமா உங்களக் கண்டாலே நடுங்குவான். கோட்ட கழட்டிப் பாருங்கன்னு நான் அப்பவே சொன்னேன்லா.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. ‘கோட்டு இல்லேன்னா டாக்டருக்கு என்னக்கா மரியாதை?’ என்று அன்று சிரித்தவர் அவர்தான்.

“கை குடு, கோப்பி.”

அது நம்பிக்கையோடு முன்னங்காலை நீட்டியது. அவர் ஊசியை எடுத்தார்.

வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வலிக்காதுல்ல, டாக்டர்?”

“வலிக்காதுக்கா. அப்படியே தூங்கிடுவான். இனிமே அந்தப் புத்துநோய் வலியும் இல்ல.”

வால் ஆடி ஓய்ந்த பிறகும், நீட்டிய அந்தக் காலை டாக்டர் விடவில்லை.