திருப்பி வைத்த வயிறு

சகல பக்தகோடிகளுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில், அம்மன் இன்னும் அரை மணி நேரத்துக்கு யாரையும் பார்க்க மாட்டாள்.

ஒலிபெருக்கி இதையே வேறு சொற்களில் சொன்னது. ஆன்மிகச் செம்மல், கொடைக்கடல், கோபுரத்துக்கு வண்ணம் தந்த வள்ளல் தெய்வசிகாமணி அவர்கள் குடும்பத்துடன் சன்னதிக்குள் எழுந்தருளியிருக்கிறார்கள். பொது வரிசையில் உள்ளவர்கள் பொறுமை காக்கவும்.

எழுந்தருளுவது யாருடைய வேலை என்பதில் கோயிலுக்கே குழப்பம் வந்துவிட்டது.

அவள் பொது வரிசையில் நின்றாள்.

கையில் ஒரு வயிறு.

வெள்ளித் தகட்டில் அடித்தது. உள்ளங்கை அளவு. நடுவே தொப்புளுக்கு ஒரு புள்ளி.

அவள் கேட்டது சிறுநீரகம்.

வாசல் கடைக்காரர் கம்பியில் தொங்கியதையெல்லாம் ஒருமுறை தள்ளித் தள்ளிப் பார்த்தார். கை இருந்தது. கால் இருந்தது. கண்மலர், காது, தலை. பிள்ளை வேண்டியவர்களுக்குத் தொட்டில், வீடு வேண்டியவர்களுக்கு வீடு. அம்மனிடம் முறையிடத் தக்க குறைகளின் பட்டியல் எந்தக் காலத்திலோ முடிவாகிவிட்டது. அதன்பின் வந்த நோய்களை யாரும் அதில் சேர்க்கவில்லை.

"வயிறு வாங்கிக்கங்கக்கா. கிட்னி அதுக்குள்ளதான இருக்கு?"

"அது முதுகுப் பக்கம்ங்க."

"அப்ப திருப்பி வச்சுக் குடுங்க. ஆத்தாவுக்குத் தெரியாததா?"

வாங்கிக்கொண்டாள்.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. வாரம் மூன்று நாள் அவன் இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே விடுகிறார்கள். குடும்பத்தில் அவனோடு இரத்த வகை பொருந்தியது அவளுக்கு மட்டும்.

அது தெரிந்து நான்கு மாதம் ஆகிறது.

முதல் மாதம் மகளுக்குப் பரீட்சை. இரண்டாம் மாதம் மாமியாருக்கு இடுப்பு வலி. மூன்றாம் மாதம் கிரகணம். மற்ற சோதனைகளுக்கு வரச் சொல்லி மருத்துவமனையிலிருந்து அழைக்கும்போதெல்லாம், வருகிறேன் என்றுதான் சொன்னாள்.

தம்பி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

போன வாரம் பார்க்கப் போனபோது, அவனுக்கு அளந்து கொடுக்கும் தண்ணீரில் அரை டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். வெயிலில் வந்திருக்கிறாளாம்.

அவளுக்குக் கத்தி என்றால் பயம். அவ்வளவுதான். பிள்ளைகள், பொறுப்பு, குடும்பம் என்பதெல்லாம் அந்தப் பயத்துக்கு மாட்டிவிட்ட சட்டைகள்.

அம்மனிடம் தம்பியின் உயிரைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அது அவளிடமே இருந்தது.

தைரியம் கேட்கலாம் என்று வந்திருந்தாள். அதற்கும் கடையில் தகடு இல்லை.

முன்னால் நின்ற மஞ்சள் சேலைக்காரியின் கையில் ஒரு வெள்ளிக் கால். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யாருக்குக்கா?"

"மவனுக்கு. லாரி ஏறிருச்சு. கால் பொழச்சா வெள்ளிக்கால் வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன்."

"இப்ப பரவால்லயா?"

"முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு."

அவள் அந்த வெள்ளிக் காலைப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குக்கா இது?"

"காலத்தான எடுத்தாங்க? ஆளு இருக்கான்ல. ஆத்தா பாதி குடுத்தான்னு நான் பாதிக் காலா வைக்க முடியும்?"

சொல்லிவிட்டு மஞ்சள் சேலைக்காரியே முதலில் சிரித்தாள். பிறகு அவளும். காவலர் இருவரையும் முறைத்தார். வள்ளல் உள்ளே இருக்கும்போது பொது வரிசைக்குச் சிரிப்பு அனுமதி இல்லை போலும்.

வரிசையை மறித்துக் கட்டிய கயிறு அவிழ்ந்தது.

வள்ளல் வெளியே வந்தார். கழுத்தில் கிடந்த மாலை அவரை நடக்க விடவில்லை. புகைப்படக்காரர் அம்மனுக்கு முதுகைக் காட்டியபடி அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார்.

அவளுக்குக் கிடைத்தது மூன்று விநாடி. நகரும்மா, நகரும்மா. முகம் தெரியவில்லை. மூக்குத்தி மட்டும் ஒருமுறை மின்னியது.

தட்டில் வயிற்றைத் திருப்பி வைத்தாள்.

பூசாரி அதை நேராக வைத்தார்.

அவள் மறுபடியும் திருப்பினாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். திருநீற்றை அள்ளிக் கொடுத்துவிட்டு, தகட்டை அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே வந்து, செருப்பைத் தேடுவதற்கு முன்னால், மருத்துவமனைக்கு அவளே அழைத்தாள். நாளைக் காலை வருகிறேன் என்றாள். இந்த முறை நாள் சொன்னாள், நேரம் சொன்னாள்.

மறுநாள் ஊசி ஏறியபோது கண்ணை மூடவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எந்தப் பக்கத்தை எடுப்பீர்கள் என்று, துணிக்கடையில் கேட்பதுபோலக் கேட்டாள். வேண்டுமானால் அடுத்த வாரமே வந்து படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்படியே நடந்து போய், அதே மருத்துவமனையில் படுத்திருந்த தம்பியிடம் சொன்னாள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நோய் வந்ததிலிருந்து அன்றுதான் அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் முடிவுகள் வந்தன.

அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சில வருடங்களாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். யாரும் பார்த்ததில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் சிறுநீரகம் எடுப்பதில்லை.