அறுநூறுக்குப் பிறகு

“அறுநூறோட வெட்டு. அதுக்குப் பிறகு ஒரு பிரேமும் வேண்டாம்.”

விஜிதரன் இப்படிச் சொன்னதும் சுகந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ அது. இரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவள் சுகந்தினி. அதனால்தான் தண்ணீர் வடிகட்டி விற்கும் கொம்பனியொன்று, தன் வடிகட்டி தண்ணீரில் இருக்கும் புளோரைட்டை எப்படிப் பிடிக்கிறது என்று அணு அணுவாகக் காட்டும் படம் கேட்டபோது, முதலாளி விஜிதரன் அந்த வேலையை இவள் தலையில் கட்டினார்.

மூன்று கிழமை மாடாய் உழைத்தாள். அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருளில் அணுக்களை ஓடவிட்டு ரெக்கோர்ட்டை அழுத்தினால், ஒவ்வொரு அணுவும் போன வழி அப்படியே பதிவாகும். ‘இங்கே நில், அங்கே போ’ என்று யாரும் அதட்ட முடியாது.

அறுநூறாவது பிரேம் வரைக்கும் படம் வெகு அழகு. புளோரைட்டு எல்லாம் வடிகட்டிக்குள் இருக்கும் நுண் துணிக்கையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு துணிக்கையில் இடமில்லை. மிச்சமெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து ஹாயாக வெளியே போகும்.

“அஞ்சு வருசத்துக்கு ஒண்டும் மாத்தத் தேவையில்லை எண்டு நோட்டீஸ் அடிச்சிருக்கிறாங்கள், அண்ணை. நிரம்பினா மாத்த வேணும். அதை மறைச்சா சனம் பழையபடி அந்தத் தண்ணியைத்தான் குடிக்கும்.”

“ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சாச்சு. மாறிச் செய்தா கோட்டில ஏத்துவாங்கள்.”

“ஏத்தட்டும்! நாளைக்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்டப்போற ஊருக்குத்தான் என்ர அக்கா கலியாணம் கட்டிப் போயிருக்கிறா. புளோரைட்டால அவவின்ர பிள்ளையின்ர பல்லு முழுக்கக் காவி. நான் வெட்டமாட்டன்.”

“அப்ப நாளையில இருந்து வேலைக்கு வராதை.”

சும்மா வாயால் சொன்னதோடு விடவில்லை மனிதர். கடிதத்தாளில் எழுதி, திகதியும் நேரமும் போட்டு, முத்திரை குத்தி, அவளிடம் கையெழுத்தும் வாங்கினார். போதாக்குறைக்கு ஒரு பிரதியைக் கொம்பனிக்கும் அனுப்பிவைத்தார். இனி யாரும் இவளுக்கு வேலை கொடுத்த மாதிரித்தான்!

அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் சுகந்தினி அணுக்களின் வழியை எக்ஸ்போர்ட் பண்ணி, பென் டிரைவில் போட்டுக்கொண்டாள். நாளைக்கு ஊருக்கு நடுவில் வைத்தே இவர்களின் சாயத்தை வெளுக்கவேண்டும் என்று கறுவிக்கொண்டு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

காலையில் அக்காவுக்குக் காட்ட மடிக்கணினியைத் திறந்தால், படம் அறுநூறில் நின்றது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது எந்தப் பிரேமில் இருந்து எந்தப் பிரேம் வரை என்று மென்பொருள் கேட்கும். விஜிதரன் அடித்துவைத்த அறுநூறு அங்கேயே இருந்திருக்கிறது. ஆத்திரத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

“இனி என்னடி செய்யப்போறாய்?” என்றாள் அக்கா கிருசாந்தி.

“படம் இல்லாட்டி என்ன? வாய் இருக்குத்தானே.”

வடிகட்டி அறிமுகக் கூட்டத்துக்கு ஊர்ப் பொதுநோக்கு மண்டபம் நிறையச் சனம். கழுத்தில் மாலையோடு கொம்பனி முகாமையாளர். புரொஜெக்டருக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாதவர் போல விஜிதரன்.

சுகந்தினி எழும்பினாள். “ஒரு நிமிசம்! இந்த வடிகட்டியைப் பற்றி நான் கதைக்க வேணும்!”

“ஆர் இந்தப் பெட்டை? வெளியில அனுப்புங்கோ” என்றார் முகாமையாளர்.

“இரு” என்றார் விஜிதரன், அவளைப் பார்க்காமலே. “முதல்ல படம் முடியட்டும்.”

“இருக்கமாட்டன்!” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

படம் ஓடியது. அணுக்கள் ஒவ்வொன்றாய்ப் போய் ஒட்டின. சனம் கை தட்டியது. சுகந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. மூலையில் பிரேம் எண் ஓடிக்கொண்டிருந்தது. 598, 599, 600.

601.

படம் நிற்கவில்லை. துணிக்கை நிரம்பியது. மிச்ச அணுக்கள் தண்ணீரோடு வெளியே போயின. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘நிரம்பியதும் மாற்றாவிட்டால் இது வேலை செய்யாது.’

“அப்ப ஏன் மாத்தத் தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்?” பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி எழும்பிக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் மண்டபமே எழும்பியது.

முகாமையாளர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். சுகந்தினியைக் காட்டிக் கத்தினார்.

“இவளின்ர வேலைதானே இது? இவளைக் கோட்டில ஏத்தாமல் விடமாட்டன்!”

விஜிதரன் நிதானமாகக் கதிரையை விட்டு எழும்பினார்.

“இவவை நேற்றே நிப்பாட்டிட்டன், ஐயா. கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். வழக்கை என்ர பேரில போடுங்கோ.”