முதலில் என்னைப் பற்றி

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்கு இருமல்கூட வரவில்லை.

"ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம், அம்மா!" போனை வைத்த மகள் அலறினாள்.

அவர் லேப்டாப்பைக் கைகாட்டினார். முதலுதவி கற்றுத்தரும் ஒரு வெப்சைட் அதில் திறந்தே இருந்தது. ‘தொண்டை அடைப்பு’ பாடத்தை மகள் தட்டினாள்.

திரையில் ஒருவர் சிரித்தார். "வணக்கம். எல்லாரும் இலவசமா கத்துக்கணும்னுதான் சொந்தமா இந்த வெப்சைட்டை நடத்துறேன். முதல்ல என்னைப் பத்தி..."

"அதைத் தள்ளிவிடுடி!"

"முடியலம்மா! முழுசாக் கேட்டாத்தான் பாடம் திறக்குமாம்!"

"நான் சின்ன வயசுல..." என்றது திரை.

கணவரின் உதடு நீலம் பாரித்தது.

"இந்த மனுஷன் விஷயத்துக்கே வரமாட்டாரா!"

வந்தது வரட்டும் என்று கணவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். அடைத்திருந்த துண்டு தெறித்து விழுந்தது.

மூச்சு வந்ததும் அவர் முனகினார். "கொஞ்சம் பொறுத்திருந்தா... பாடம் வந்திருக்குமே."

"எப்போ? உயிர் போன பிறகா?"

லேப்டாப்பைக் கணவர் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது அவரேதான்.

"மொதல்ல உங்க சுயபுராணத்தை அழிங்க!"