எங்கேஜ்டு

மகளைப் பெண் பார்த்துப் போன அருப்புக்கோட்டை மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்ல, மகளோடு திருச்சுழி போன் பூத்துக்கு வந்திருந்தாள் செசிலியம்மாள்.

நம்பரை அழுத்திய பூத்துக்கார இருளப்பசாமி, "எங்கேஜ்டுக்கா" என்றார்.

செசிலியம்மாள் பதறிப்போய்க் கேட்டாள். "அதுக்குள்ள வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டாகளா?"

மகள் ஜெப ஷீலா சிரித்தாள். "அம்மா, அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். நிச்சயமாச்சுன்னும் வரும், லைன்ல ஆள் இருக்குன்னும் வரும்."

"அப்ப வேற பொண்ணு வீட்டோட பேசுறாகளோ?"

திரும்பத் திரும்ப அடித்தும் எங்கேஜ்டுதான். இருளப்பசாமி அலுத்துப்போய் ரிசீவரை வைத்ததும் மணி அடித்தது.

"யக்கா, மாப்பிள்ளைதான்! நீங்க குடுத்த இந்த நம்பருக்கு அவரும் ரொம்ப நேரமா அடிக்கிறாராம். எங்கேஜ்டாவே இருக்காம்!"

"நீயே பேசு தாயி" என்று ரிசீவரை மகள் கையில் திணித்தாள் செசிலியம்மாள்.

ஷீலா ரிசீவரைக் காதில் வைத்து, "இனிமே நானும் எங்கேஜ்டுதாங்க" என்றாள்.